பிஎச்.டி. முடிந்த பின்னும் படிப்பா?

நம் சங்கக் குடும்பங்களில் பிஎச்.டி. முடித்த பிள்ளைகள் இன்று பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் 'போஸ்ட் டாக்' செய்கிறேன் என்றால், "இன்னுமா படிப்பு? வேலைக்கு எப்போது போவதாக உத்தேசம்?" என்று கேட்கிறோம். வரன் பேசும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. போஸ்ட் டாக் என்பதே ஒரு வேலைதான் என்பது என் கட்சி.

ஓர் உதாரணம். 2023-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு, குவாண்டம் புள்ளிகளுக்காக எகிமோவ், புரூஸ், பவெண்டி என்ற மூவருக்குக் கிடைத்தது. குவாண்டம் புள்ளி என்பது சில நானோமீட்டர் அளவே உள்ள குறைக்கடத்தித் துகள். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர் அடக்கம். டிப்ளமா படித்து ரயில்வேயில் காலம் தள்ளிய எனக்கு, சிக்னலில் சிவப்புக்கு ஒரு கண்ணாடி, பச்சைக்கு வேறு கண்ணாடி என்பதே பழக்கம். இங்கோ பொருள் ஒன்றுதான். அளவு மாறினால் நிறம் மாறுகிறது! காட்மியம் செலினைடு துகள் சற்றுப் பெரிதானால் சிவப்பாக ஒளிரும். சிறுக்கச் சிறுக்க உள்ளே எலக்ட்ரானுக்கு இடம் நெருக்கடியாகி, ஆற்றல் இடைவெளி கூடி, ஒளி நீலத்தின் பக்கம் நகரும்.

பவெண்டி 1988-இல் பிஎச்.டி. முடித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் புரூஸிடம் போஸ்ட் டாக்காகச் சேர்ந்தார். துகள்களை ஒரே அளவில், குறையின்றித் தயாரிப்பது அன்று பெரும் சிக்கல். அந்தச் சிக்கலைக் கையோடு எம்.ஐ.டி.க்குக் கொண்டுபோய், 1993-இல் தம் மாணவர்களுடன் வழி கண்டார். இன்று க்யூ.எல்.ஈ.டி. தொலைக்காட்சிகளில் இருப்பது இந்தப் புள்ளிகள்தான்.

பெற்றோரின் கவலையை நான் குறை சொல்லவில்லை. ரயில்வேயில் பயிற்சி முடிந்தால் பதவி காத்திருந்தது. இங்கே இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம் முடிந்தால் அடுத்தது என்ன என்று தெரியாது. எல்லோரும் பேராசிரியர் ஆகிவிடுவதும் இல்லை. ஆகவே உதவித்தொகை மாதம் தவறாமல் வர வேண்டும் என்று அரசைக் கேட்பது நியாயம். பிள்ளைகளும், இன்னும் எத்தனை ஆண்டு, இது அமையாவிட்டால் மாற்று வழி என்ன என்பதை வீட்டில் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சங்கத்தின் மாதக் கூட்டத்தில் இப்பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கி, தங்கள் ஆராய்ச்சியைத் தமிழில் விளக்கச் சொல்வோம். "எப்போது வேலை?" என்று கேட்டு வந்த நாம், "என்ன வேலை?" என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போமே!