கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும்

தமிழ்நாட்டில் புதிதாக எழும் வீடுகளின் வரைபடங்களைப் புரட்டினால், பெரும்பாலானவற்றில் குளியலறைக் கதவு உள்பக்கமாகவே திறக்கிறது. நடைவழி அடைபடாது, கதவில் வழியும் ஈரம் வெளியே சொட்டாது என்று கொத்தனாரும் பொறியாளரும் காரணம் சொல்வார்கள். வலிப்பு நோய் உள்ள குழந்தை வளரும் வீட்டில் இந்தச் சிறு முடிவு உயிர்ப் பிரச்சினை ஆகிவிடும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, தனிக் குளியலறைக்குக் கேட்கும் குறைந்தபட்சப் பரப்பு 1.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டர். கணக்கிட்டால் 1.2-க்கு 1.5 மீட்டர் அறை. பத்து வயதுக் குழந்தை ஏறத்தாழ 1.35 மீட்டர் உயரம் இருக்கும். அந்தக் குழந்தை உள்ளே நினைவிழந்து சரிந்தால், கதவை ஒட்டித்தான் விழ வேண்டியிருக்கும். வெளியே நின்று தாய் கதவைத் தள்ளத் தள்ள, அது குழந்தையின் உடலையே நெருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கிறார்கள். முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும். மருந்து சரியாக அமையும் வரையிலான மாதங்களிலும், மருந்துக்கு அடங்காத மற்றவர்களின் வாழ்நாள் முழுவதும், வீடுதான் அவர்களுக்குக் காவல். அந்த வீட்டை வரைபவர்கள் இதை எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார்கள்?

அணுகல்வசதி என்றதும் கட்டடத் துறையினர் சாய்தளத்தையும் கைப்பிடிக் கம்பியையும் நினைக்கிறார்கள். அவை நிலையான இயலாமைக்கு ஏற்றவை. வலிப்பு உள்ள குழந்தை ஓடும், மாடி ஏறும், சைக்கிள் மிதிக்கும். திடீரென ஓரிரு நிமிடங்கள் உடல் அதன் வசத்தில் இருக்காது. பெரும்பாலான வலிப்புகள் மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே அடங்கிவிடும். ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் அவசர மருத்துவம் வேண்டும். ஆகவே வடிவமைப்பாளர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருக்கிறது. குழந்தை விழுந்தால் எதன் மேல் விழும்? விழுந்த குழந்தையிடம் பெரியவர் ஒருவர் எவ்வளவு விரைவில் போய்ச் சேர முடியும்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் வலிப்பு நோய் தனியாக இடம்பெறவில்லை என்பதால், விதிப் புத்தகத்தை மட்டும் பார்த்து வரைபவர் இந்தக் கேள்விகளைச் சந்திக்காமலே போகலாம்.

இன்னொரு தடையும் உண்டு. வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகச் சொன்ன இந்து திருமணச் சட்ட விதி 1999-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பெண் குழந்தைக்கு வலிப்பு வருவதைப் பக்கத்து வீட்டாரிடம்கூடச் சொல்லத் தயங்கும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். அவர்கள் பொறியாளரிடம் தாமாக முன்வந்து சொல்ல மாட்டார்கள். வீட்டுக்காரரிடம் பூஜையறை எங்கே, கார் நிறுத்துமிடம் எங்கே என்று கேட்கும் முதல் சந்திப்பிலேயே, வீட்டில் யாருக்காவது விழும் நோய், மயக்கம், வலிப்பு உண்டா என்றும் வழக்கமான தொனியில் கேட்டுவிடலாம். எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி என்று தெரிந்தால் பதில் எளிதில் வரும்.

பதில் வந்ததும் அடுத்ததாக அறிய வேண்டியது வலிப்பின் வகை. வரைபடத்தை மாற்றுவது அதுதான். தசை திடீரெனத் தளர்ந்து மரம்போல் சாயும் வலிப்பு என்றால் தரையும் மேசை முனைகளும் முதல் கவலை. சில நொடிகள் வெறித்துப் பார்த்து நினைவு நழுவும் வகை என்றால் படிக்கட்டும் அடுப்பும். நினைவு மங்கிய நிலையில் எழுந்து நடக்கும் வகை என்றால் தெருக்கதவு, மொட்டைமாடிக் கதவு, கிணறு, சம்ப் மூடி. உறக்கத்தில் வருவது என்றால் படுக்கையறை. இதைக் குழந்தையின் நரம்பியல் மருத்துவரும் பெற்றோரும் சொல்வார்கள். பெற்றோரிடம் கைபேசிக் காணொளியும் பெரும்பாலும் இருக்கும்.

எந்த வகையானாலும் குளியலறைக்குத்தான் முதலிடம். வலிப்பு உள்ளவர்கள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தென்னிந்தியாவுக்கு இதில் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. வெந்நீரைத் தலையில் மொண்டு மொண்டு ஊற்றும்போது வரும் ‘வெந்நீர் வலிப்பு’ உலகிலேயே இந்தப் பகுதியிலிருந்துதான் அதிகம் பதிவாகியிருக்கிறது. டாக்டர் கே.எஸ். மணியும் அவருடைய குழுவினரும் 1968-இலேயே இதைப் பற்றி எழுதினார்கள். பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் டாக்டர் பி. சதீஷ்சந்திராவும் உடன் ஆய்வாளர்களும் 279 நோயாளிகளை ஆராய்ந்து 1988-இல் கட்டுரை வெளியிட்டார்கள். 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் வெந்நீர், அதுவும் தலையில் வேகமாக ஊற்றப்படும்போது, வலிப்பைத் தூண்டியது. சிறுவர்களே அதிகம் பாதிக்கப்பட்டவர்கள்.

இதற்குக் குழாய் வேலையிலேயே பாதி விடை இருக்கிறது. கீசர் தொட்டியில் நீர் 60 டிகிரியில் இருக்கட்டும். கிருமி வளராமல் இருக்க அது நல்லது. ஆனால் வெளிவரும் இடத்தில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கலவைக் குழாய் பொருத்தி, 38 டிகிரிக்கு மேல் போகாமல் பூட்டிவிட வேண்டும். அண்டாவும் சொம்பும் இருந்த இடத்தில் கையில் பிடிக்கும் ஷவர் வந்தால், கழுத்துக்குக் கீழே உடலை நனைத்துவிட்டுத் தலைக்கு மிதமான நீரைத் தனியாக விடலாம். குழந்தை உட்கார்ந்து குளிக்கச் சுவரோடு ஒட்டிய இருக்கை வேண்டும். குழாய்கள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்காமல் மாடத்துக்குள் அடங்க வேண்டும். தரை வாட்டம் சரியாக இருந்து நீர் உடனே வடிய வேண்டும். நிரம்பிய பக்கெட் உள்ளே நிற்கவே கூடாது. குளியல் தொட்டி கேட்கும் குடும்பத்திடம் காரணத்தைச் சொல்லி மறுத்துவிடலாம்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். நடைவழி இடம் தராவிட்டால் சுவரோடு நகரும் கதவு போடலாம். டவர் போல்ட்டும் ஆல்ட்ராப்பும் வேண்டாம். வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கும் பூட்டு கடைகளில் கிடைக்கிறது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் தாழ்ப்பாளே இல்லாத குளியலறையைக் கொடுப்பது பாதுகாப்பும் ஆகாது, மரியாதையும் ஆகாது. ‘ஆள் இருக்கிறார்’ என்று காட்டும் திருப்பு அட்டையும் இந்தப் பூட்டும் சேர்ந்தால் அவளுடைய தனிமையும் காப்பாற்றப்படும்.

வீட்டின் மற்ற தரைகளில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. சொரசொரப்பான டைல்ஸ் போட்டால் போதும் என்கிறார்கள். அது வழுக்குவதைத் தடுக்கும். விழும் தலைக்கு அதுவும் கல்தான். அடிக்கடி விழும் குழந்தை அதிகம் புழங்கும் அறைகளிலாவது ரப்பர், கார்க் அல்லது அடியில் மெத்தைப்படலம் கொண்ட வினைல் விரிப்பு வேண்டும். கிரானைட் மேடையின் விளிம்பை அரைவட்ட மோல்டிங்காக உருட்ட ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறியது. கண்ணாடி டீப்பாய் வேண்டாம். கதவுக்கும் தடுப்புக்கும் கடினப்படுத்திய பாதுகாப்புக் கண்ணாடியையே எழுத்தில் குறிப்பிட வேண்டும். அடுப்பை நடைவழியின் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைக்க வேண்டும். இன்டக்‌ஷன் அடுப்பு தீயை அகற்றும், ஆனால் கொதிக்கும் ரசத்தை அகற்றாது. அடுப்பிலிருந்து தொட்டி வரை மேடை இடைவெளியின்றி ஓடினால் பாத்திரத்தைத் தூக்காமல் நகர்த்தலாம்.

இரட்டை மாடி வீடுகளில் குழந்தைகளின் அறை மேலே போவது வழக்கமாகிவிட்டது. இந்தக் குழந்தையின் அறை தரைத்தளத்தில், பெற்றோர் அறையை ஒட்டி இருக்க வேண்டும். வலிப்பு நோயில் எதிர்பாராத திடீர் மரணம் என்ற அபாயம் உண்டு. பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 பேரில் ஒருவருக்கு நேர்கிறது, குழந்தைகளையும் அது விடுவதில்லை. பெரும்பாலும் உறக்கத்தில், கவிழ்ந்து கிடக்கும் நிலையில், அருகில் யாரும் இல்லாதபோது நிகழ்கிறது. இரவில் ஒரு சத்தம் காதில் விழும் தூரத்தில் பெரியவர் இருப்பது உதவும். இரு அறைகளுக்கும் நடுவே ஒரு கதவோ திறப்போ அதற்குப் போதும். அடுக்குக் கட்டில் கூடாது. தாழ்வான கட்டிலோ, பாயின் மேல் உறுதியான மெத்தையோ நல்லது. தூக்கக் குறைவே வலிப்பைத் தூண்டும் என்பதால், மேற்கு வெயில் தாக்காத சுவரும் குறுக்குக் காற்றோட்டமும் மின்தடையில் மின்விசிறியை ஓட்டும் இன்வெர்ட்டர் இணைப்பும்கூடப் பாதுகாப்பு ஏற்பாடுகளே.

ஒளியால் தூண்டப்படும் வலிப்பு, நோயாளிகளில் சுமார் 3 விழுக்காட்டினருக்கே உண்டு; சிறுவர்களிடமும் பதின்வயதினரிடமும் அது கூடுதல். நொடிக்கு 3 முதல் 30 முறை மினுங்கும் ஒளி அவர்களுக்கு ஆபத்து. மூன்று இறக்கை மின்விசிறி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால், அதற்கு மேலே இருக்கும் விளக்கின் ஒளியை நொடிக்கு 15 முறை வெட்டுகிறது. விளக்கை விசிறிக்குக் கீழான மட்டத்தில் சுவருக்கு மாற்றினால் தீர்ந்தது. மின் வரைபடத்தில் ஒரு குறியை நகர்த்தும் வேலை.

பட்டியல் நீளும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எல்லாவற்றையும் மூடி, பூட்டி, கேமரா வைத்துக் குழந்தையை ஒரே அறைக்குள் அடைக்கும் வீடு நல்ல வடிவமைப்பு ஆகாது. மொட்டைமாடியைப் பூட்டிவிடுவதைவிட, ஏற முடியாத கைப்பிடிச்சுவரும், நடுவில் தட்டுள்ள, இடைவெளி அடைத்த படிக்கட்டும் அமைத்து, துணையோடு குழந்தை மேலே போக வழி செய்வது மேல். குழந்தைக்கு விவரம் தெரியும் வயது என்றால் வரைபடப் பேச்சில் அதையும் உட்கார வைக்கலாம். எங்கே விழுந்தோம், எங்கே பயமாக இருக்கிறது என்பதை அதுவே சொல்லும்.

இவற்றில் பெரும்பாலானவை வரைபட நிலையில் செலவே இல்லாதவை. கட்டி முடித்தபின் மாற்றினால் நிலைச்சட்டத்தை உடைக்க வேண்டும், குழாயைத் தோண்ட வேண்டும். ஆகவே பொறியாளர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களின் முதல் சந்திப்புப் படிவத்தில் வலிப்பு பற்றிய கேள்வியைச் சேர்க்க வேண்டும். விதித்தொகுப்பின் அடுத்த திருத்தத்தில் குடியிருப்புகளின் குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பதையும், வெளியிலிருந்து திறக்கும் பூட்டையும் பரிந்துரையாக இடம்பெறச் செய்யக் கோரிக்கை அனுப்ப வேண்டும். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அதே கதவு தேவைப்படுவதால், ஒரு குடும்பம் வாய் திறக்கும் வரை காத்திராமல், இந்த வாரம் மேசையில் இருக்கும் வரைபடத்திலிருந்தே அதைத் தொடங்கலாம்.