இரு வீட்டுப் பிள்ளைகள்

நமது சிறுவர்களுக்கென்று எழுதப்படும் கதைகளில் ராஜகுமாரர்களுக்குக் குறைவில்லை; பூதங்களுக்கும் பேசும் கிளிகளுக்கும் குறைவில்லை. தாயை இழந்த குழந்தையும், அதைப் பட்டினி போடும் சிற்றன்னையும் உண்டு. ஆனால், தாயும் தந்தையும் உயிரோடிருந்து, நியாயஸ்தலத்தின் தீர்ப்பினால் பிரிந்து, இருவரும் தத்தமக்கு வேறு வாழ்வு அமைத்துக்கொள்ள, அவ்விருவருக்கும் நடுவே வளரும் பதின்மூன்று வயதுப் பெண்ணோ பையனோ நம் கதைகளில் தென்படுவது மிக அரிது. அத்தகைய பிள்ளை நமது பள்ளிக்கூடங்களில் இல்லையா? திருத்தணி முதல் திருநெல்வேலி வரையில் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் தெரியும். வகுப்பில் இருக்கும் குழந்தை புத்தகத்தில் இல்லை. இந்தக் குறையைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்க தேசத்தில் ஆன் மார்ட்டின் என்ற அம்மையார் 1986-ம் ஆண்டில் சிறுமிகளுக்காக ஒரு தொடர்கதை வரிசையைத் துவக்கினார். பிறர் வீட்டுக் குழந்தைகளைக் கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் சில சிறுமிகள் சேர்ந்து அமைத்த சங்கமே அதன் விஷயம். ‘பேபி சிட்டர்ஸ் கிளப்’ என்பது அதன் பெயர். பிற்காலத்தில் வேறு கைகளும் எழுத உதவின. 2000-ம் ஆண்டு வரையில் வெளிவந்த அந்த வரிசையில் மூலக் கதைகள் மட்டும் 131. விற்ற பிரதிகளோ 17 கோடிக்கும் மேல். அதில் கிறிஸ்டி என்னும் சிறுமியின் தகப்பன் குடும்பத்தை விட்டுப் போய்விட்டவன். 1987-ல் வந்த ஆறாவது புத்தகத்தில் அவளுடைய தாய் மறுமணம் செய்துகொள்கிறாள். அந்த மணவிழாவில் மகளும் பங்கெடுத்துக்கொள்கிறாள். ஸ்டேஸி என்ற மற்றொரு சிறுமியின் பெற்றோர் 1989-ல் வந்த இருபத்தெட்டாவது புத்தகத்தில் பிரிகிறார்கள். நியூயார்க்கில் தந்தையோடு இருப்பதா, சிற்றூருக்குத் தாயோடு போவதா என்று அவள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. தாயோடு போகிறாள், தந்தையைக் காண ரயிலேறி வருகிறாள். பெற்றோர் மீண்டும் சேரவில்லை. ஆயினும் அவள் படிக்கிறாள், சிநேகிதிகளோடு சண்டையிடுகிறாள், சிரிக்கிறாள், தன் நீரிழிவு நோய்க்குத் தானே ஊசி போட்டுக்கொண்டு வாழ்கிறாள்.

இவை உயர்ந்த இலக்கியம் என்று நாம் வாதிக்க வரவில்லை. மாதந்தோறும் அச்சுயந்திரத்திலிருந்து வந்து விழுந்த மலிவுப் பதிப்புகளே அவை. ஆயினும் அவற்றின் உபயோகம் பெரிது. பெற்றோர் பிரிந்த ஒரு சிறுமி அப்புத்தகத்தை எடுத்ததும், ‘நான் ஒருத்தி மட்டுமல்ல’ என்று அறிந்துகொண்டாள். பிரியாத வீட்டுச் சிறுமி அதைப் படித்ததும், பக்கத்துப் பெஞ்சியில் இருப்பவளைக் கேலி செய்யாதிருக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு சிறிய புத்தகம் இவ்விரண்டு காரியத்தையும் செய்யுமானால் வேறென்ன வேண்டும்?

நமது நாட்டில் இந்த விஷயம் கதையாக வந்ததே இல்லையா என்று கேட்கலாம். வந்திருக்கிறது, வந்த விதந்தான் கவனிக்கத் தக்கது. ஜெர்மானிய ஆசிரியர் எரிக் கெஸ்ட்னர் 1949-ம் ஆண்டில் ஒரு சிறுவர் நாவல் வெளியிட்டார். 1933-ல் பெர்லின் நகரத்தில் நாஜிகள் கொளுத்திய புத்தகக் குவியலில் தம் நூல்களும் எரிவதை நேரில் நின்று பார்த்தவர் அவர். விவாகரத்தான பெற்றோர் ஆளுக்கொரு குழந்தையாகப் பங்கிட்டுக்கொண்ட இரட்டைச் சகோதரிகள், கோடை விடுதியொன்றில் தற்செயலாகச் சந்தித்து, இடம் மாறி, தாய் தந்தையரை மீண்டும் சேர்த்து வைப்பதே அந்நாவலின் கதை. அது 1961-ல் டிஸ்னி கம்பெனியாரின் ஆங்கிலப் படமாயிற்று. 1965-ல் ஏவி.எம். ஸ்தாபனத்தார் அதைத் தழுவிக் ‘குழந்தையும் தெய்வமும்’ என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார்கள். ஜெய்சங்கரும் ஜமுனாவும் பிரிந்த தம்பதிகள். குட்டி பத்மினி இரட்டைக் குழந்தைகள். மறு ஆண்டே ‘லேத மனசுலு’ என்று தெலுங்கிலும், 1968-ல் ‘தோ கலியான்’ என்று ஹிந்தியிலும் அக்கதை சென்றது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் திருத்தணி போன்ற ஊரில் இரு பாஷைக்காரர்களும் அதற்காகக் கண்ணீர் விட்டிருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை.

அக்கண்ணீர் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அக்கதை குழந்தையின் தலையில் ஏற்றும் சுமையைப் பாருங்கள். பெரியவர்கள் பிரிந்தார்கள், குழந்தைகள் சேர்த்து வைத்தார்கள். கேட்பதற்கு இனிமையான செய்திதான். ஆனால் பிரிந்த பெற்றோர் சேராத வீட்டிலிருந்து வந்து கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை என்ன நினைக்கும்? ‘அந்தக் குழந்தைகளுக்குச் சாமர்த்தியம் இருந்தது, எனக்கு இல்லை. நான் இன்னும் நல்ல பிள்ளையாக இருந்திருந்தால் அப்பா போயிருக்க மாட்டார்’ என்றல்லவா நினைக்கும்? தன்னால் நேராத ஒரு பிரிவுக்குத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வது பிள்ளை மனத்தின் இயல்பு. அந்தக் குற்ற உணர்ச்சியை வளர்க்கும் கதைகள் நம்மிடம் ஏராளம். அதைத் தீர்க்கும் கதையே இல்லை.

நமது புராண இதிகாசங்கள் இவ்விஷயத்தில் நம்மைவிடத் துணிச்சல் உடையவை. கங்கை சந்தனுவை விட்டு நீங்கும்போது குழந்தையைத் தன்னோடு கொண்டு சென்றாள். வளர்த்து, கல்வி கற்பித்து, பிறகு தந்தையிடம் ஒப்புவித்தாள். பின்னர்ச் சந்தனு சத்தியவதியை விரும்பினான். மகனிடம் அவன் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை; தந்தையின் முகவாட்டத்தைக் கண்ட மகனே காரணத்தை விசாரித்து அறிந்து, ராஜ்யத்தையும் இல்லறத்தையும் ஒருங்கே துறந்தான். பீஷ்ம சபதத்தைப் புகழாத வாய் இல்லை. தகப்பனுடைய புதிய மணத்துக்கு மகன் கொடுத்த விலை அது என்பதை மட்டும் யாரும் நினைப்பதில்லை. லவகுசர் கதையோ இன்னும் கடினமானது. பிள்ளைகளின் மூலமாகத் தாயும் தந்தையும் எதிரெதிரே வந்தார்கள், வந்தும் சேரவில்லை, சீதை பூமியில் மறைந்தாள். பிள்ளைகளால் எல்லாவற்றையும் ஒட்ட வைத்துவிட முடியாது என்ற உண்மையை நம் முன்னோர்கள் குழந்தைகள் கேட்கும் கதையிலேயே வைத்தார்கள். சினிமாக் கொட்டகைதான் அதை மறக்கச் செய்தது.

விவாகரத்து என்பது மேனாட்டுச் சரக்கு, அதைக் குழந்தைகளின் புத்தகத்தில் நுழைக்கலாகாது என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். இது சரித்திரம் அறியாத பேச்சு. தமிழ்நாட்டில் பல சமூகங்களில் பஞ்சாயத்தார் முன்னிலையில் தீர்த்துவிடுவதும் அறுத்துக் கட்டுவதும் நெடுங்காலமாக வழக்கத்தில் இருந்தவை. 1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டமே, வழக்கப்படி நிகழும் விவாக விடுதலைக்குத் தடையில்லை என்று தனிப் பிரிவு ஒன்றில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னரே, கெஸ்ட்னரின் நாவல் வெளிவந்த அதே 1949-ல், சென்னை மாகாணச் சட்டசபை இருதார மணத்தைத் தடுத்தும் விவாகரத்தை அனுமதித்தும் சட்டம் செய்தது. இருவரும் சம்மதித்துப் பிரியும் வழி 1976-ல் ஏற்பட்டது. குடும்ப நியாயஸ்தலங்களுக்கான சட்டம் 1984-ல் வந்தது. இத்தனைக்கும் பிறகு, ‘நம்மிடம் இது கிடையாது’ என்று குழந்தைகளிடம் மட்டும் சொல்வது எதற்காக? குழந்தைகளுக்கு உண்மை தெரியும். நாம் பொய் சொல்கிறோம் என்பதும் தெரியும்.

சட்டம் குழந்தையை முற்றிலும் மறந்துவிடவில்லை. 1890-ம் வருஷத்துக் கார்டியன் சட்டம், விவேகத்தோடு விருப்பம் தெரிவிக்கும் வயதுடைய மைனரின் விருப்பத்தை நியாயஸ்தலம் கருதலாம் என்கிறது. 1956-ம் வருஷத்து இந்து மைனர் சட்டம், குழந்தையின் நலமே தலையாயது என்றும், ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டுமென்றும் விதித்தது. ஆயினும் தந்தைக்குப் ‘பிறகே’ தாய் கார்டியன் என்று அது எழுதி வைத்தது. நாவலாசிரியை கீதா ஹரிஹரன், தம் மகனின் பெயரால் பத்திரங்கள் வாங்க விண்ணப்பித்தபோது, தாயின் கையெழுத்தை மட்டும் ஏற்க ரிசர்வ் பாங்கு மறுத்தது. அவர் வழக்குத் தொடுத்தார். 1999-ல் சுப்ரீம் கோர்ட்டார், ‘பிறகு’ என்பதற்குத் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள் அல்ல, அவர் பொறுப்பெடுத்துக்கொள்ளாத நிலையையும் அது குறிக்கும் என்று தீர்ப்பளித்தார்கள். 2015-ல் லா கமிஷனார், பிரிந்த பெற்றோர் இருவரும் கூட்டாகக் குழந்தையை வளர்க்கும் முறைக்கு இடமளிக்க வேண்டுமென்று சிபார்சு செய்தார்கள்.

இவையெல்லாம் நல்லவையே. ஆனால் வக்கீல் தொழில் செய்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதைத் தீர்ப்பு சொல்லும்; சனிக்கிழமை எத்தனை மணிக்கு யார் வந்து அழைத்துப் போக வேண்டும் என்பதையும் சொல்லும். தாயின் புதுக் கணவரை எந்த முறை சொல்லி அழைப்பது? தந்தை வீட்டில் பிறந்த குழந்தையைத் தம்பி என்று அழைத்தால் தாய் வருந்துவாளா? பள்ளிக்கூட விழாவுக்கு இருவரும் வந்தால் யார் பக்கத்தில் உட்காருவது? இவற்றுக்குச் சட்டப் புத்தகத்தில் பிரிவு கிடையாது. இவற்றுக்கு விடை தேடும் இடம் கதை. அந்த இடம் தமிழில் காலியாகக் கிடக்கிறது.

பெரியவர்களின் துன்பத்தைக் குழந்தைகளிடம் சொல்லலாமா என்பது மற்றோர் ஆட்சேபம். கெஸ்ட்னரே தம் நாவலின் நடுவில் கதையை நிறுத்திவிட்டு இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். பெற்றோர் பிரிவதால் துன்புறும் குழந்தைகள் உலகில் பலர். பெற்றோர் பிரியாமல் இருப்பதால் துன்புறும் குழந்தைகளும் பலர். இத்துன்பத்தைச் சுமக்கும்படி குழந்தைகளை விட்டுவிட்டு, அதைப் பற்றி அவர்களோடு புத்திசாலித்தனமாகப் பேசாமலிருப்பது தகாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். இதற்கு மேல் நாம் சேர்க்க வேண்டியது ஒன்றுமில்லை. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ தமிழிலேயே இருக்கிறது. அதைத் தழுவி 1979-ல் மகேந்திரன் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். ஆனால் அவை குழந்தைகளைப் பற்றிப் பெரியவர்களுக்குச் சொல்லப்பட்டவை. குழந்தைகளுக்கே சொல்லப்படுவது வேறு.

திருத்தணிக்கு இவ்விஷயத்தில் சொல்லத் தக்க அநுபவம் ஒன்று உண்டு. 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது இவ்வூர் அந்தப் பக்கம் போயிற்று. கிளர்ச்சிகள் நடந்தன, ம.பொ. சிவஞானம் முதலியோர் வடவெல்லைக்காகப் போராடினார்கள். பதாஸ்கர் அவர்களின் தீர்ப்பின்படி, கிராமத்தை அலகாகக் கொண்டு எல்லை வகுக்கப்பட்டு, 1960-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அப்பொழுது இரு பக்கத்திலும் கோபத்துக்குக் குறைவில்லை. ஆனால் எல்லைக்கோடு மாறியதால் இவ்வூரில் யாரும் தெலுங்கை மறந்துவிடவில்லை. அத்தையும் மாமனும் அந்தப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தால் உறவு அறுந்துவிடவில்லை. ஒரு வீட்டைச் சேர்ந்தவன் மற்ற வீட்டை வெறுக்க வேண்டும் என்ற நியதி ஏதுமில்லை என்பதை இவ்வூர் ஜனங்கள் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். இரு வீட்டுப் பிள்ளைக்கு வேண்டிய பாடமும் இதுவே. முருகனின் சினம் தணிந்த தலம் ஆகையால் தணிகை என்று பெயர் வந்தது என்பார்கள். தெய்வத்துக்கே சினம் தணிய ஓர் இடம் வேண்டியிருந்தது என்றால், தாய் தந்தையர் மீது சினம் கொண்ட பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டாமா?

ஆகவே நமது யோசனைகள் மூன்று. முதலாவது, தமிழ் எழுத்தாளர்கள் இந்த விஷயத்தை எடுத்துத் தொடர்கதையாக எழுத வேண்டும். ஒரே புத்தகமாக இராமல் வரிசையாக வருவது நலம். ஏனெனில் பிரிவின் துன்பம் ஒரு புத்தகத்தில் தீர்வதன்று. குழந்தை வளர வளரக் கதையும் வளர வேண்டும். முடிவில் பெற்றோரைச் சேர்த்து வைக்கும் ஆசையை ஆசிரியர் அடக்கிக்கொள்ள வேண்டும். சிற்றன்னையைப் பேயாகவும் புதுத் தகப்பனைக் கள்ளனாகவும் சித்திரிக்கும் பழைய பழக்கத்தையும் விட வேண்டும். இரண்டாவது, 1947-ல் தமிழில் ‘அம்புலிமாமா’வாகவும் தெலுங்கில் ‘சந்தமாமா’வாகவும் ஒரே கதைகள் இரு பாஷைகளில் பரவியதுபோல, இக்கதைகளும் எல்லையின் இருபுறமும் செல்ல வேண்டும். சாகித்ய அகாடமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்குப் பரிசளித்து வருகிறது. 1957-ல் ஏற்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட் பல பாஷைகளில் நூல் வெளியிடுகிறது. இவர்கள் மனம் வைத்தால் இது பெரிய காரியமன்று. மூன்றாவது, டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்த ஊர் இது. அவர் பிறந்த தினத்தையே தேசம் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. அத்தினத்தில் மாலையோடு நிற்காமல், ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் இத்தகைய புத்தகங்களுக்கு இடம் ஒதுக்க ஆசிரியர்கள் முன்வர வேண்டும்.

சேரக்கூடிய தம்பதிகள் சேரட்டும். அதற்காக முயலும்படி சட்டமே நியாயாதிபதிகளுக்குக் கட்டளையிட்டிருக்கிறது. அந்த முயற்சி பெரியவர்களுடையது. அது பலிக்காதபோது, பிரிந்தவர்கள் புது வாழ்வு தொடங்குவதை உலகம் மன்னித்துவிடுகிறது. பிள்ளை மாத்திரம் பழைய வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறது. அதன் கையைப் பிடித்து, ‘வா, உனக்கும் மேலே வழி இருக்கிறது’ என்று சொல்லும் புத்தகம் ஒன்றைத் தமிழ்நாடு கடன்பட்டிருக்கிறது. அக்கடனைத் தீர்க்க முன்வரும் எழுத்தாளர் யார்?