விளைந்து காட்டட்டும் மீட்ட நிலம்

நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரியை வெளியே எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அள்ள வேண்டியிருக்கிறது. 1957இல் தொடங்கிய திறந்தவெளிச் சுரங்கப் பணி, இன்று மூன்று சுரங்கங்களாக விரிந்து கடலூர் மாவட்டத்தின் விளைநிலங்களுக்குள் நகர்ந்துகொண்டிருக்கிறது. அள்ளிய மண், நிலக்கரி எடுத்து முடித்த குழியிலேயே கொட்டி நிரவப்படுகிறது. அதன்மேல் மரம் நடுகிறார்கள். ஏட்டில் இதற்கு நில மீட்பு என்று பெயர்.

உழவர் கணக்கு வேறு. மேல்மண்ணைத் தனியே எடுத்துப் பாதுகாத்து, கடைசியில் அதையே மேலே பரப்பினால்தான் அந்த இடம் மறுபடி வயலாகும். எல்லா அடுக்குகளையும் கலந்து கொட்டினால் அடியில் கிடந்த களியும் மணலும் மேலே வந்துவிடும். அங்கே தைல மரம் நிற்கும், நெல் நிற்காது. ஆகவே, எத்தனை மரக்கன்று நட்டார்கள் என்பதை மீட்புக்கு அளவுகோலாக வைக்கும் எந்த அனுமதியும் அடிப்படையிலேயே பிழையானது. மீட்ட நிலம் என்ன விளைக்கிறது என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அந்த அனுமதிக்கு அடிப்படையான அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துவதும் அதற்குக் கட்டணம் தருவதும் சுரங்க நிறுவனமே. மக்கள் தரப்புக்கு எஞ்சுவது, குறைந்தது 30 நாள் முன்னறிவிப்போடு நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம். அந்த ஒரு வாய்ப்பும் சுருங்கிவருகிறது. ஏற்கெனவே 40 விழுக்காடு விரிவாக்கத்துக்கு அனுமதி பெற்ற நிலக்கரிச் சுரங்கங்கள், அதே குத்தகைப் பரப்புக்குள் புதிய மதிப்பீடோ கருத்துக்கேட்போ இல்லாமல் 50 விழுக்காடு வரை போகலாம் என்று 2022 மே மாதம் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் வழிவிட்டது. நிலக்கரித் தட்டுப்பாடு காரணமாகச் சொல்லப்பட்டது. தட்டுப்பாடு சில மாதங்களில் தீரும். தோண்டிய நிலத்துக்கு அப்படியொரு கெடு கிடையாது.

2023 ஜூலையில் கடலூர் மாவட்டத்தின் வளையமாதேவி கிராமத்தில் நடந்தது இந்த முறையின் ஓட்டையை நாடறியக் காட்டியது. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, கதிர் பிடிக்கும் பயிருக்குள் இயந்திரங்கள் இறக்கப்பட்டன. பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது, நெய்வேலிச் சுரங்கங்களை நடத்தும் பொதுத்துறை நிறுவனமான என்எல்சி. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் காகிதத்தில் கைமாறிய பிறகும் வயல் வயலாகவே நீடித்தது, சாகுபடியும் தொடர்ந்தது. அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது.

நில மீட்புக்கான பணத்தின் கதை இன்னும் பலவீனமானது. 2009இல் நிலக்கரி அமைச்சகம் வகுத்த சுரங்க மூடல் வழிகாட்டுதல், திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாயை மூடும் பணிக்கென முடக்கிவைக்கும் எஸ்க்ரோ கணக்கில் வைக்கச் சொன்னது. பின்னர் அது 9 லட்சமாக உயர்ந்தது. இது சுரங்கத்தின் ஆயுள் முழுவதும் ஆண்டுத் தவணையாகச் செலுத்தப்படும் தொகை. குழி முதலில், பணம் பிறகு.

அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சுரங்க நில மீட்புச் சட்டம் இதைத் தலைகீழாக வைத்தது: முழு மீட்புச் செலவுக்கும் பிணை கட்டிய பிறகே உரிமம் வழங்கப்படும். முதல்தர விளைநிலமாக இருந்தால், தோண்டப்படாத அதே வகை நிலத்துக்கு ஈடான விளைச்சல் மெய்ப்பிக்கப்படும்வரை பிணை முழுமையாக விடுவிக்கப்படாது. அங்கும் ஒரு சறுக்கல் உண்டு. பெரிய நிறுவனங்கள் தங்கள் நிதிநிலையையே பிணையாகக் காட்ட அனுமதிக்கப்பட்டன. 2015–16இல் ஆல்ஃபா, ஆர்ச், பீபாடி ஆகிய நிலக்கரி நிறுவனங்கள் அடுத்தடுத்து திவால் பாதுகாப்பு கோரியபோது அந்தப் பிணையின் மதிப்பு என்னவென்று தெரிந்தது. பொதுத்துறை நிறுவனம் என்பதே போதுமான பிணை என்று இங்கே வாதிடுவோர் அந்த அனுபவத்தைப் பார்க்க வேண்டும்.

நெய்வேலியின் மின்சாரம் தமிழகத்துக்குத் தேவைதான். அந்தத் தேவை, அனுமதி நிபந்தனைகளைத் தளர்த்துவதற்கான காரணம் ஆகாது. முன்பு தோண்டிய பரப்பில் குறிப்பிட்ட பங்கு விளைச்சல் சோதனையில் தேறாதவரை புதிய பரப்புக்கு அனுமதி தரக் கூடாது. பிணை முன்கூட்டியே ரொக்கமாகவோ வங்கி உத்தரவாதமாகவோ இருக்க வேண்டும். மீட்ட நிலத்தில் சாகுபடி செய்யும் முதல் உரிமை, நிலம் இழந்த குடும்பங்களுக்கு என்பது உரிமத்திலேயே எழுதப்பட வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் உரிமம் பேசியாக வேண்டும். நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் உயர் அழுத்தத்தில் இருக்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்துவிடும். இறைப்பின் விளைவு குத்தகை எல்லைக் கல்லோடு நிற்பதில்லை. மதிப்பீடும் அங்கே நின்றுவிடக் கூடாது. அதேசமயம், சுரங்கம் வெளியேற்றும் நீர் வாலாஜா ஏரி வழியாகப் பல கிராமங்களின் பாசனத்துக்கும் போகிறது. நிலக்கரி தீர்ந்து பம்புகள் நிறுத்தப்படும்போது அந்த வயல்களுக்கு நீர் எங்கிருந்து வரும், எந்தத் துறை பொறுப்பேற்கும் என்பதற்கான விடையை, மூடும் ஆண்டுக்குத் தள்ளிவிடாமல், அடுத்த அனுமதிக்கான விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.