நாய்க்கும் பத்தியம் உண்டு

நாய் ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தால் நம் ஊரில் மூன்று வைத்தியம் நடக்கிறது. முதலில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவார்கள். அது கேட்காவிட்டால் ஊசி. ஊசி போட்ட கொஞ்ச நாள் நாய் நிம்மதியாகத் தூங்கும். பிறகு அரிப்பு திரும்பும், மறுபடி ஊசி. அதுவும் அலுத்துப்போனால் மூன்றாவது வைத்தியம்: வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வருவது. கழுத்தில் பட்டையோடும் உடம்பில் சொறியோடும் தெருவில் திரியும் நாய்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவை தெருவில் பிறந்தவை அல்ல.

இதற்கெல்லாம் முன்னால் செய்து பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: எட்டு வாரம் பத்தியம். அதற்குப் பணம் அதிகம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். பிள்ளைகள் பிரான்சுக்கோ பெங்களூருக்கோ போய்விட, அவர்கள் ஆசையாய் வாங்கிய நாயோடு வீட்டில் இருக்கும் நம் வயதுக்காரர்களுக்குத்தான் இது சாத்தியம். ஆனால் இதைக் கெடுப்பவர்களும் பெரும்பாலும் நம் வயதுக்காரர்களே. இதுதான் என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எல்லா அரிப்பும் சாப்பாட்டால் வருவதல்ல. தெள்ளுப்பூச்சிக் கடி, உண்ணி, சொறிப்பூச்சி, தோலில் பூஞ்சை, வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்பூச்சி என்று காரணங்கள் பல. இடுப்பிலும் வால் அடியிலும் கடித்துக்கொண்டால் தெள்ளுப்பூச்சியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சாப்பாட்டு ஒவ்வாமை வழக்கமாகக் காது, பாதம், அக்குள், அடிவயிறு, ஆசனவாய் ஆகிய இடங்களில் காட்டும். அடிக்கடி காதில் சீழ், ஓயாமல் பாதத்தை நக்குதல், வெயில் மழை என்று பாராமல் வருஷம் முழுக்க அரிப்பு, சில நாய்களுக்கு ஒரு நாளில் பலமுறை இளகிய மலம். ஆனால் தூசி ஒவ்வாமையும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும். பார்வையால் இரண்டையும் பிரிக்க எந்த வைத்தியராலும் முடியாது. ஆகவே முதல் படி கால்நடை மருத்துவரிடம் போவது. தோலைச் சுரண்டிப் பார்த்து, பூச்சியும் புண்ணும் இருந்தால் அவற்றை ஆற்றிவிட்டு, மிச்சம் இருக்கும் அரிப்புக்குத்தான் பத்தியம்.

பத்தியம் என்றதும் எல்லோரும் கேட்கும் கேள்வி: “ஐந்து வருஷமா இதையேதானே சாப்பிடுது, இப்ப மட்டும் எப்படி ஒத்துக்காமப் போகும்?”

இதற்குப் பதில் நூறு வருஷத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது, அதுவும் நாய்களிடமிருந்து. பிரெஞ்சில் படித்த என் தலைமுறைக்காரர்கள் சிலருக்கு ஷார்ல் ரிஷே என்ற பெயர் தெரிந்திருக்கும். 1901-ல் அவரும் போல் போர்த்தியேவும் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் போய்க் கடல் உயிரிகளின் விஷத்தை ஆராய்ந்தார்கள். பாரீசுக்குத் திரும்பியபின் கடல் சாமந்தி என்னும் உயிரியின் விஷத்தை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நெப்த்யூன் என்ற நாய் முதல் தடவை பிழைத்துக்கொண்டது. சில வாரம் கழித்து, நல்ல திடமாக இருந்தபோது, மறுபடி கொஞ்சம் கொடுத்தார்கள். அரை மணிக்குள் செத்துவிட்டது. பழகினால் உடம்பு தாங்கும் என்று நினைத்ததற்கு நேர்மாறாக நடந்தது. இந்த ஆராய்ச்சிக்காக ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சோற்றால் வரும் அரிப்பு அவ்வளவு கொடூரமானதல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். உடம்பு ஒரு பொருளோடு பழகிய பிறகுதான் அதைப் பகையாக நினைக்க ஆரம்பிக்கிறது. ஆகவே சந்தேகப்பட வேண்டியது நேற்று வந்த சாப்பாட்டை அல்ல, பல வருஷமாகத் தட்டில் விழுவதைத்தான்.

தட்டில் விழுவது எது? 2016-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் கணக்கைத் தருகிறது. மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13. இது பெரும்பாலும் மேலை நாட்டு நாய்களின் கணக்கு. நம் வீட்டு நாய்களின் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள்: பால் சோறு, தயிர் சோறு, கோழிக்கழிவு, பொறை, ரொட்டி, பிஸ்கட். அந்தப் பட்டியலில் பாதி இங்கேயும் இருக்கிறது.

பத்தியத்தின் விதி எளிது. நாய் இதுவரை தின்றிராத ஒரு புரதம், தின்றிராத ஒரு மாவுப்பொருள். வேறு எதுவும் கூடாது. எது புதிது என்பதை அந்த நாயின் சரித்திரம்தான் சொல்லும். குப்பத்தில் மீன் தலை தின்று வளர்ந்த நாய்க்கு மீன் புதிதல்ல. தயிர் சோற்றிலேயே வளர்ந்த நாய்க்கு மீனும் முட்டையும்கூடப் புதிதுதான். மாட்டுக்கறியும் பாலும் தின்றதற்கு ஆட்டுக்கறியும், கோழி தின்றதற்கு வாத்தும் அவ்வளவு நம்பகமான மாற்று அல்ல, உறவுக்காரப் பிராணிகள். சோற்றுக்குப் பதில் சர்க்கரைவள்ளிக்கிழங்கோ உருளைக்கிழங்கோ வேகவைத்துக் கொடுக்கலாம். உப்பு, மிளகாய், எண்ணெய்த் தாளிப்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு எப்போதுமே ஆகாது. மீன் என்றால் முள்ளை எடுத்துவிட வேண்டும். கடையில் இதற்கென்றே புரதத்தை நுணுக்கமாக உடைத்துச் செய்த தீனி கிடைக்கிறது. விலை அதிகம், ஆனால் வசதி உள்ளவர்களுக்கு அதுவும் நல்ல வழி.

ஏன் எட்டு வாரம்? ஒவ்வாமை உள்ள நாய்களில் ஐந்து வாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் குணம் தெரிகிறது, எட்டு வாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல். பத்து நாள் பார்த்துவிட்டு “ஒண்ணும் பிரயோஜனமில்லை” என்று கைவிடுவது பாதிக் கோப்பைப் படித்துவிட்டு உத்தரவு எழுதுவதுபோல.

இனி, கெடுப்பவர்கள் விஷயம். எங்கள் தெருவில் ஒரு லாப்ரடார் மூன்று வருஷம் மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டது. அந்த ஊசி ஸ்டீராய்டு. அவசரத்துக்கு அது நல்ல மருந்துதான். காரணம் எதுவானாலும் அரிப்பை அடக்கும், ஆனால் காரணத்தைக் காட்டாது. வருஷக்கணக்கில் போனால் தாகம், அகோரப் பசி, உடல் பருமன், தோலில் மறுபடி புண். அந்த வீட்டில் நாயை எங்காவது விட்டுவிடலாமா என்ற பேச்சே வந்துவிட்டது. பத்தியம் ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகியும் பலனில்லை. பிறகுதான் தெரிந்தது, பாட்டியம்மா தினமும் ராத்திரி எல்லோரும் படுத்தபின் ஒரு கிண்ணம் பால் வைத்துக்கொண்டிருந்தார். “வாயில்லா ஜீவன், வெறும் கிழங்கைத் தின்னுட்டு எப்படிப் படுக்கும்?” அவர் சொன்னதில் அன்புக்குக் குறைவில்லை. பால் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். ஏழாவது வாரம் காதுச் சிவப்பு அடங்கியது. மருத்துவர் சொன்னபடி பாலை மட்டும் திரும்பக் கொடுத்தபோது நாலாம் நாள் காது மறுபடி சிவந்தது. அதைப் பாட்டியம்மாவே கண்ணால் பார்த்தார். இப்போது அந்த வீட்டில் நாய்க்கு யாரும் பால் வைக்காமல் காவல் காப்பவர் அவர்தான்.

பிரெஞ்சில் பத்தியத்துக்கு ‘ரெஜிம்’ என்று பெயர். ஆட்சிக்கும் அதே சொல்தான். பத்தியம் நடக்கும் வீட்டில் ஒரே ஆட்சி இருக்க வேண்டும். பேரன் போடும் பிஸ்கட், வேலைக்காரம்மா வைக்கும் மிச்சச் சோறு, தெரு முனைக் குப்பை, எல்லாவற்றுக்கும் தடை. ருசி சேர்த்த பூச்சி மாத்திரையில்கூட இறைச்சி இருக்கும். மருத்துவரிடம் கேட்டு வேறு மாத்திரை வாங்க வேண்டும். ஒரு நோட்டு வைத்து, தின்றதையும் அரிப்பு எவ்வளவு என்பதையும் தினமும் ஒரு வரி எழுதுங்கள்.

குணமானால் அதோடு முடிந்ததாக எண்ணக் கூடாது. பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் தீர்ப்பு. ஒவ்வொரு பொருளாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம். ஒவ்வாதது பெரும்பாலும் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். உடனே அதை நிறுத்திவிட்டு, அரிப்பு அடங்கியபின் அடுத்ததைச் சோதிக்கலாம். எட்டு வாரத்திலும் மாற்றமில்லை என்றால் சாப்பாட்டின் மேல் பழி போடுவதை விட்டுவிட்டுத் தூசி ஒவ்வாமைக்கு வைத்தியம் பார்க்கலாம். அதுவும் லாபம்தான்.

ரத்தம், எச்சில், முடி என்று எடுத்துச் சோதித்து ஒவ்வாத உணவின் பட்டியல் தருகிறோம் என்பார்கள். சாப்பாட்டு ஒவ்வாமைக்கு அந்தச் சோதனைகளை நம்ப முடியாது. தானியம் இல்லாத தீனி என்று விற்பதும் அப்படியே. மேலே சொன்ன கணக்கில் முன்னால் நிற்பவை இறைச்சியும் பாலும்தான், தானியம் பின்னால்தான் வருகிறது.

குட்டிக்கும், சினை நாய்க்கும், சர்க்கரை நோய் உள்ளதற்கும் மருத்துவரைக் கேட்காமல் இதை ஆரம்பிக்காதீர்கள். வீட்டுச் சமையலையே நிரந்தரமாக்குவதானால் கால்சியம் முதலியவற்றைச் சேர்க்கும் அளவை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் குரும்பாபேட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நமக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வந்தபோது வாயைக் கட்டக் கற்றுக்கொண்டவர்கள் நாம். ஓய்வூதியக்காரர்களிடம் நேரமும் இருக்கிறது. அந்த நேரத்தில் எட்டு வாரத்தை ஒரு நாய்க்குக் கொடுத்தால், அது தன் கடைசிக் காலத்தை நம் வாசலிலேயே கழிக்கும்.