மூச்சைப் பிடிப்பதா வீரம்?



நம்ம பள்ளிக்கூடத்தில் "படிச்சு முடிச்சு என்ன ஆகப் போற?" என்று கேட்டால் வகுப்புக்குப் பத்துப் பேராவது "மிலிட்டரி" என்பார்கள். அதிலும் கடற்படை கமாண்டோ என்றால் தனி மவுசு. அமெரிக்காவின் சீல் படைக்கு ஆள் எடுக்கும் பயிற்சியைச் செல்போனில் பார்க்கிறோம். கை, கால் இரண்டையும் கட்டித் தண்ணீரில் விடுகிறார்கள். ஒரே மூச்சில் 50 மீட்டர் முங்கு நீச்சல் போகச் சொல்கிறார்கள். பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் வந்தது. அந்த ஆசையால் போன பொங்கல் லீவில் எங்கள் வீட்டில் ஓர் உயிர் போயிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்க பெரியப்பா தோட்டம் வேடசந்தூர் பக்கம். மழை பெய்து கிணற்றில் இருபது அடிக்கு மேல் தண்ணீர் கிடந்தது. பெரியப்பா மகன், எனக்கு ஒரு வயது மூத்த அண்ணன், "இருநூறு எண்ணுற வரைக்கும் மேல வரமாட்டேன், எண்ணுடா" என்றான். கொல்லன் துருத்தி மாதிரி இருபது, முப்பது தடவை வேக வேகமாக மூச்சு இழுத்து விட்டான். அப்படியே முங்கிட்டான். நான் படிக்கல்லில் உட்கார்ந்து எண்ணினேன். நூறு தாண்டியதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. நூற்று இருபது ஆனபோது மோட்டாரை நிறுத்த வந்த பெரியப்பா, "எங்கடா அவன்?" என்றார். "உள்ளதான் இருக்கான் பெரியப்பா, நூத்தி இருபது ஆச்சு!" என்றேன். அவர் கட்டின வேட்டியோடு குதித்தார்.

தூக்கி வந்தபோது உதடு நீலமாக இருந்தது. வாயோடு வாய் வைத்து ஊதினார். இருமிக் கண் விழித்தான். பிழைத்தான். பிறகு அவன் சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. "எனக்கு மூச்சு முட்டவே இல்லடா. சுகமாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

மூச்சு முட்டாமல் எப்படி ஒருத்தன் மூழ்குவான்? எங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

"மேல போ, மூச்சு விடு" என்று நம்மை விரட்டுவது முக்கியமாக ஆக்சிஜன் குறைவது இல்லை, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதுதான். அதுதான் உடம்புக்குள் இருக்கிற அபாயமணி. வேக வேகமாக மூச்சு விட்டால் ஆக்சிஜன் பெரிதாக ஏறிவிடாது. கார்பன் டை ஆக்சைடுதான் வெளியே போய்விடும். அதாவது மணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோம்! மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே ஆக்சிஜன் தீர்ந்து மூளை மயங்கிவிடும். கத்த மாட்டான், கையை ஆட்ட மாட்டான். நாலைந்து நிமிடம் மூளைக்கு ஆக்சிஜன் போகாவிட்டால் பிழைத்தாலும் பழைய ஆளாக வருவது கஷ்டம்.

"நாங்க பழகினவங்க, எங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சிலர் சொல்லலாம். 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு படைத்தளத்து நீச்சல் குளத்தில் இரண்டு பேர் மூழ்கி இறந்தார்கள். அவர்கள் பயிற்சிக்குப் புதியவர்கள் இல்லை, அந்தக் கஷ்டமான தேர்வையெல்லாம் தாண்டி வந்த சீல் வீரர்கள்! அடி வரைக்கும் தெரிகிற குளத்திலேயே அந்தக் கதி என்றால், பச்சைத் தண்ணீர் நிற்கும் நம்ம கிணற்றில் என்ன ஆகும்?

நம்ம நாட்டுக் கடற்படைக்கும் 'மார்கோஸ்' என்ற கமாண்டோ படை இருக்கிறது. 1987-இல் தொடங்கியது. 2008 நவம்பரில் மும்பை தாஜ் ஹோட்டலுக்குள் நுழைந்தவர்களில் அவர்களும் உண்டு. முக்குளிக்கக் கற்றுக்கொள்ள அவர்களே கொச்சியில் இருக்கும் கடற்படைப் பள்ளிக்குப் போகிறார்கள். தானாகக் கிணற்றில் குதித்துக் கற்றுக்கொள்வதில்லை. சீல் தேர்விலும் 50 மீட்டர் முங்கிப் போகும்போது பயிற்சியாளரும் தண்ணீரில்தான் இருப்பார். மயங்கினால் உடனே தூக்க ஆள் தயாராக இருக்கும்.

அவ்வளவு தூரம் ஏன்? தூத்துக்குடிக் கடலில் அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவர்களும் அப்படித்தான். முங்குகிறவர் ஒருவர், படகில் கயிற்றைப் பிடித்திருப்பவர் ஒருவர். கயிறு அசைந்தால் இழுத்துவிடுவார். நாமோ முங்குகிறவரை மட்டும் காப்பி அடிக்கிறோம், கயிறு பிடிப்பவரை விட்டுவிடுகிறோம். அன்றைக்குப் படிக்கல்லில் உட்கார்ந்திருந்த நான் கயிறு பிடித்தவன் இல்லை. வெறும் எண்ணிக்கை சொன்னவன். நினைத்தால் இன்னமும் வெட்கமாக இருக்கிறது.

இதைக் கேட்டதும் பெரியவர்கள் "இனி கிணத்துப் பக்கமே போகக் கூடாது" என்கிறார்கள். அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்ம பக்கத்துக் கிராமத்துப் பையன்களுக்குக் கிணறுதான் நீச்சல் குளம். லாரி டியூபைக் கட்டிக்கொண்டுதான் எல்லாரும் நீச்சல் பழகினோம். தடை போட்டால் திருட்டுத்தனமாகப் போவோம். திருட்டுத்தனமாகப் போகிறவன் தனியாகப் போவான். அதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்து. நீச்சல் தெரியாதவனுக்கு ஆத்தூர் டேமும் ஆபத்து, மழைக்காலத்துக் குடகனாறும் ஆபத்து. அதனால் நீச்சல் வேண்டும். மூச்சுப் பிடிக்கும் பந்தயம்தான் வேண்டாம்.

நண்பர்களே, நான் கேட்பது இவ்வளவுதான்:

முங்குவதற்கு முன் துருத்தி மூச்சு விடாதீர்கள். யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்று பந்தயம் கட்டாதீர்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கரையில் இல்லாமல் இறங்காதீர்கள். அவர் கையில் செல்போனும் இருக்கக் கூடாது!

யாராவது மயங்கினால் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது எல்லாம் தப்பு. மூச்சு இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சை அழுத்த வேண்டும், இன்னொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டு பீரியடில் ஒரு நாளாவது இந்த முதலுதவியை எங்களுக்குச் செய்து காட்டுங்கள்.

கமாண்டோ ஆக ஆசைப்படுகிறவர்கள் கட்டாயம் ஆகுங்கள், பெருமைப்படுகிறேன். ஆனால் அதற்கு முதலில் உயிரோடு பிளஸ் டூ முடிக்க வேண்டும். அண்ணன் இப்பவும் கிணற்றில் குளிக்கிறான். நான் கரையில் நிற்கிறேன். எண்ணுவதில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

– பதினோராம் வகுப்பு மாணவன்