ஜனாதிபதி மீது வழக்குத் தொடர முடியுமா?

2025 ஓகஸ்ட் 22ஆம் திகதி முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கைதானபோது பலர் குழம்பினார்கள். ஜனாதிபதிக்குத்தான் சட்ட விலக்களிப்பு இருக்கிறதே, பிறகெப்படிக் கைது? 2023இல் ஜனாதிபதியாக லண்டன் சென்ற பயணத்தில் அரச பணத்தைத் தனிப்பட்ட தேவைக்குச் செலவிட்டார் என்பது குற்றச்சாட்டு. நான்கு நாளில் பிணை கிடைத்தது. அவர் குற்றவாளியா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். குழப்பத்துக்கான விடை இலங்கை அரசியலமைப்பின் 35ஆவது உறுப்புரையில் இருக்கிறது.

ஒருவர் ஜனாதிபதியாகப் பதவி வகிக்கும்வரை, அலுவல் முறையில் செய்ததற்கோ தனிப்பட்ட முறையில் செய்ததற்கோ அவர் மீது வழக்குத் தொடரக் கூடாது. ஏற்கெனவே நடக்கும் வழக்கையும் கொண்டு செல்லக் கூடாது. 'பதவி வகிக்கும்வரை' என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வழக்குக்கான காலவரையறையைக் கணக்கிடும்போது பதவியிலிருந்த காலத்தைச் சேர்க்கக் கூடாது என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. அதாவது, இது மன்னிப்பு அல்ல, ஒத்திவைப்பு. உயிர்த்த ஞாயிறு தாக்குதலின்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன, அதைத் தடுக்கத் தவறியதற்காக 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தபோது அவர் பதவியில் இல்லை.

சரி, பதவியிலிருக்கும்போதே அரசியலமைப்பை மீறினால்? மாகாண சபைத் தேர்தல்கள் அவசரகால ஒழுங்குவிதியால் ஒத்திவைக்கப்பட்ட வழக்கில், பாதுகாப்பு ஆளுக்குத்தான், அவர் செய்த செயலுக்கு அல்ல என்று 1999இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ விளக்கினார். 2015இன் 19ஆவது திருத்தம் இதற்கு நேர்வழியே திறந்தது. ஜனாதிபதியின் அலுவல் சார்ந்த செயலை எதிர்த்து, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். அந்தத் திருத்தத்தை முன்னின்று நிறைவேற்றிய சிறிசேனவே அதில் மாட்டிக்கொண்டதுதான் வேடிக்கை. 2018 நவம்பரில் அவர் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தன் உள்ளிட்டோர் மனுச் செய்தார்கள். ஏழு நீதியரசர்களும் ஒருமித்து, கலைத்தது செல்லாது என்றார்கள். ஜனாதிபதி கூண்டில் ஏறவில்லை. அவரது கட்டளை மட்டும் விழுந்தது.

2020இல் 20ஆவது திருத்தச் சட்டமூலம் இந்த வழியை மூட முயன்றது. அதற்கு மக்கள் வாக்கெடுப்பும் வேண்டுமென உயர் நீதிமன்றம் சொன்னதால் வழி தப்பியது. 

தனிப்பட்ட குற்றங்களுக்கு இப்போதும் இந்த வழி கிடையாது. அதைவிடக் கேள்விக்குரியது பழைய வழக்குகளுக்கான தடை. 2019இல் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானதும், அருங்காட்சியகம் கட்ட அரச நிதியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று முன்பிருந்தே அவர் மீது நடந்துவந்த வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அலுவலைத் தடையின்றிச் செய்யத்தான் பாதுகாப்பு என்றால், பதவிக்கு முந்திய காரியங்களுக்கு அது ஏன்?

பதவியிலிருக்கும் ஜனாதிபதியையே நீக்க 38ஆவது உறுப்புரையில் குற்றப் பிரேரணை உண்டு. ஆனால் அது சபாநாயகர், நாடாளுமன்றம், உயர் நீதிமன்றம், மறுபடியும் நாடாளுமன்றம் என்று சுற்றிவர வேண்டும். 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராக வந்த பிரேரணை சபாநாயகரைக்கூடத் தாண்டவில்லை.