கையிலுள்ள எண்ணும் கடையிலுள்ள பொருளும்

குதிரை வண்டியின் முன்புறத்தே, குளம்புகள் வாரியெறியுஞ் சேறு சாரதிமீது படாவண்ணம் பொருத்தப்பட்ட பலகைக்கே ஆதியில் ஆங்கிலேயர் 'டாஷ்போர்ட்' எனப் பெயரிட்டனர். மோட்டார் வண்டி தோன்றியபின், வேகமும் எரிபொருளளவுங் காட்டும் பலகை அப்பெயரைப் பெற்றது. இன்றோ, ஒரு நிறுவனத்தின் விற்பனை, சரக்கிருப்பு, வரவேண்டிய கடன் ஆகியவற்றை வரைபடங்களாகத் தொகுத்துக் காட்டுந் தகவற்பலகைக்கும் அதுவே பெயராயிற்று. பவர் பிஐ, டாப்லோ போன்ற செயலிகள் அப்பலகையைக் கைத்தொலைபேசியிலே தருகின்றன. கொழும்பிலுள்ள முதலாளி யாழ்ப்பாணத்துக் கிளையின் விற்பனையைப் பயணஞ் செய்தவாறே காணலாம்.

இவ்வசதியை இகழ்தல் அறிவுடைமையாகாது. மாத முடிவிற் கணக்கு வரும்வரை காத்திருந்து, சரக்குத் தீர்ந்ததைக் காலங்கடந்து அறிந்த நிலை இதனால் மாறியது. பல கிளைகளை உடையோர்க்கு இஃது உற்ற துணையே. ஆயின், பெயரொற்றுமை நம்மை மயக்குதல் கூடாது. மோட்டார் வண்டியின் முள் அக்கணத்து வேகத்தைக் காட்டுவது. தகவற்பலகையிலுள்ள எண்ணோ, முன்னரே ஒருவர் ஏதோவொரு விதிப்படி எண்ணிப் பதிந்து வைத்தது.

சான்றாக, பவர் பிஐயின் புரோ உரிமத்தில், இறக்கி வைக்கப்பட்ட தரவுகளை நாளொன்றுக்கு 8 முறை வரையே கால அட்டவணைப்படி புதுப்பிக்கலாம். இணையத் தொடர்பு அற்ற இடத்திற் செயலி முன்னர்ச் சேமித்ததையே காட்டும். காலைக் கணக்கை நண்பகலிற் பார்த்து, அதுவே இப்போதைய நிலையெனக் கொண்டு கொள்வனவுக் கட்டளை பிறப்பிப்பவர், பின்னர் யாரை நோவது?

காலத்தினும் பெரிது எண்ணின் மெய்ம்மை. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பல கணக்குகளையும் சேவைகளையும் விற்க வேண்டுமென மேலிடம் இலக்கு விதித்தது. அதனை எட்டவியலாத ஊழியர், வாடிக்கையாளர் அறியாமலே இலட்சக்கணக்கான கணக்குகளைத் திறந்தனர். 2016ஆம் ஆண்டில் அவ்வங்கிக்கு 185 மில்லியன் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 5,300 ஊழியர் பணிநீக்கப்பட்டிருந்தனர். மேலிடங் கண்ட எண்கள் உயர்ந்தன. அவற்றுக்கு ஈடான வாணிபம் உயரவில்லை.

இவ்வபாயம் வங்கிக்கு மாத்திரம் உரியதன்று. மணிக்கொரு முறை கைத்தொலைபேசியைப் பார்த்துக் கிளையை அழைத்து அதட்டும் முகாமையாளர், தம்மை அறியாமலே அதே வழியிற் செல்கின்றார். கிளையிலுள்ள இளைஞன் வாடிக்கையாளரின் முகத்தை விட்டுப் பலகையின் முகத்தையே நோக்கத் தொடங்குவான். எண் வளரும், நம்பிக்கை தேயும்.

நம் கல்லூரியின் வர்த்தக மாணவர் இச்செயலிகளைக் கையாளக் கற்றல் நன்று. அதற்குமுன், ஒரு கொடுக்கல் வாங்கல் பேரேட்டில் எவ்வாறு ஏறுகின்றது, ஐந்தொகையில் எங்கே சென்று நிற்கின்றது என்பதைத் தம் கைப்படவே எழுதிக் கற்றல் வேண்டும். எண்ணின் பிறப்பை அறிந்தவனே அதன் பொய்யையும் அறிவான். தொழில் நடத்தும் பழைய மாணவர்க்கோ ஒரு வேண்டுகோள்: எண் தாழ்ந்தால் ஏசுமுன் கிளைக்குச் சென்று காண்க, உயர்ந்தால் மகிழுமுன்னும் சென்று காண்க.